தலை எண்ணெய் மேல் விழுந்த பழி

என் அம்மாவின் வகிட்டில் செய்தித்தாள் துண்டு ஒன்றை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தி, எடுத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்கள். காகிதத்தில் எண்ணெய் ஊறியிருந்தது. ஓரமாக நிற்கச் சொன்னார்கள். பள்ளிக்கூடத்தில் பேன் பார்ப்பதென்றால்கூட டீச்சர் தனியாகக் கூப்பிட்டுத்தான் பார்ப்பார். இது நடந்தது ஒரு பாலிதீன் பை கம்பெனியின் வாசலில், ஆண்களும் பெண்களும் வேலைக்கு உள்ளே நுழையும் நேரத்தில். தொண்ணூறுகளின் நடுவில், ஒரு சித்திரை மாதம். எழுதும்போது இப்போதும் எனக்குக் காது சுடுகிறது.

அம்மா இதை என்னிடம் சொல்லவில்லை. சொன்னது எதிர் வீட்டு அக்கா. அவரும் அதே கம்பெனியில், அம்மாவுக்குப் பக்கத்து மேசையில் பை அடுக்குகிறவர். நான் கோயம்புத்தூரில் எம்.எஸ்சி. வேதியியல் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். விடுதியிலிருந்து ஊருக்கு வந்த அன்று, அம்மா உள்ளே சோறு வடித்துக்கொண்டிருக்கும்போது, அக்கா என்னை வாசலுக்குக் கூப்பிட்டார்.

"உன்ர அம்மா சொல்லியிருக்க மாட்டாங்களே. எங்களையெல்லாம் வரிசையா நிக்க வெச்சு மண்டையில பேப்பர் ஒட்டிப் பாத்தாங்க கண்ணு. பஜ்ஜிய ஒத்தி எடுப்பாங்கல்ல, அந்த மாதிரி."

"உங்களுக்குமா?"

"எனக்குந்தான். நான் முந்தின நாளுதான் அரப்புத் தேச்சுத் தண்ணி வாத்திருந்தேன். தலை காஞ்ச சீமாறாட்டம் இருந்துச்சு. பாஸ் பண்ணிப்போட்டேன். உன்ர அம்மாதான் பெயிலு."

சிரித்துக்கொண்டே சொன்னவர் என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

கம்பெனி அன்னூரிலிருந்து அவிநாசி போகும் சாலையில் இருந்தது. தகரக் கூரை, மூன்று இயந்திரங்கள். பிளாஸ்டிக் மணிகளை உருக்கி, பலூன் மாதிரி ஊதி, மேலே இழுத்துச் சப்பையாக்கிச் சுருட்டுவது ஒன்று. அந்தச் சுருளில் பனியன் கம்பெனியின் பெயரையும் அளவையும் அச்சடிப்பது இன்னொன்று. அச்சடித்ததை வெட்டி ஒட்டிப் பையாக்குவது மூன்றாவது. மூன்றையும் ஓட்டுவது ஆண்கள். விழுகிற பைகளைப் பிரித்து, தட்டி, அடுக்கிக் கட்டுவது பெண்கள். பைகள் திருப்பூர் போகும். அங்கே வெள்ளைப் பனியனை மடித்து அதில் போட்டு வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள்.

அந்தச் சித்திரையில் ஒரு லோடு பை திரும்பி வந்துவிட்டது. அச்சடித்த நீல எழுத்து பையை விட்டுவிட்டுப் பனியனில் ஏறியிருந்தது. மொதலாளி ஒரு பையை எடுத்து விரலால் தேய்த்தார். வழவழவென்று ஏதோ ஒட்டியது. நிமிர்ந்து பார்த்தார். எதிரில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். தலைகள் எண்ணெயில் மினுமினுத்தன. அவ்வளவுதான், அவருக்குக் காரணம் கிடைத்துவிட்டது.

எனக்கு ஆத்திரம் வருவது இந்த இடத்தில்தான். அச்சு இயந்திரத்தில் மை ஏறி, காய்ந்து, வெட்டி முடித்த பிறகுதான் பை பெண்கள் கைக்கே வருகிறது. அதற்கு முன்னால் சுருளைத் தூக்குகிறவன், மாட்டுகிறவன், இழுத்துப் பார்க்கிறவன் எல்லாம் ஆண்கள். அச்சு இயந்திரம் ஓட்டிய ஆளின் தலையில் எண்ணெய் நெற்றிக்கு வழியும். பாக்கெட்டில் சீப்பு வைத்துக்கொண்டு மணிக்கொருதரம் வாரிக்கொள்வான். அவன் வகிட்டில் யாரும் காகிதம் வைக்கவில்லை. அக்காவிடம் கேட்டேன்.

"ஆம்பளைங்கள எப்படிக் கண்ணு செக் பண்ணறது?" என்றார் அவர். சட்டம் என்ன சொல்கிறது என்று எனக்கு எடுத்துச் சொல்வது போல இருந்தது குரல்.

காகிதம் ஒட்டிப் பார்க்கும் யோசனை மொதலாளியின் மச்சினனுடையது. அவர்தான் அங்கே சூப்பர்வைசர். வேலை அனுபவம், மொதலாளியின் தங்கையைக் கட்டிக்கொண்டது. கற்பூர யோசனையும் அவருடையதே.

கம்பெனிக்குள் ஒரு பிள்ளையார் படம் உண்டு. வெள்ளிக்கிழமை காலையில் பூஜை போட்டுவிட்டுத்தான் இயந்திரம் ஓடும். பேப்பர் பரிசோதனை நடந்த அதே வாரத்து வெள்ளிக்கிழமை, பூஜை முடிந்ததும், ஒரு தட்டில் தனியாகக் கற்பூரம் ஏற்றி வைத்துப் பெண்களை ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டிருக்கிறார். எண்ணெய்க் கையால் பையைத் தொட்டதில்லை, இனியும் தொட மாட்டேன் என்று சொல்லிக் கற்பூரத்தை உள்ளங்கையால் அணைக்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில் கற்பூரம் அணைப்பது விளையாட்டுக் காரியம் இல்லை. வாய்க்கால் தண்ணீர்த் தகராறு, ஆடு காணாமல் போன வழக்கு, அண்ணன் தம்பி பாகம் பிரித்த சண்டை எல்லாம் கற்பூரம் அணைத்ததோடு முடிந்துபோகும். அதற்குமேல் யாரும் ஒரு வார்த்தை கேட்கக் கூடாது. பொய்யாக அணைத்தால் வம்சம் விளங்காது என்று மனசார நம்புகிற ஜனங்கள். அந்த நம்பிக்கையைக் கொண்டுவந்து மச்சினன் பை அடுக்குகிற மேசை மேல் வைத்தார்.

மற்றப் பெண்கள் முணுமுணுத்துக்கொண்டே அணைத்துவிட்டார்கள். எதிர் வீட்டு அக்காவும் அணைத்தார். "சாமிக்குத் தெரியாதா கண்ணு, நான் மனசுக்குள்ள வேற சொல்லிக்கிட்டேன்" என்றார் என்னிடம். அம்மா அணைக்கவில்லை.

"தொட்டதே இல்லீன்னு எப்படிங்க சொல்றது?" என்றிருக்கிறார். "தெனமும் காலைல தலைக்கு எண்ணெய் வெச்சுப்போட்டுத்தானுங்க வாரேன். கையத் தொடச்சுப்போட்டுத்தான் வேலையும் செய்யறேன். ஒரு நாள் ரெண்டு நாள் பட்டும் இருக்கும். அதுக்காக, பை என்னாலதான் கெட்டுதுன்னா, அது இல்லீங்க."

"பட்டுச்சுன்னு நீயே ஒத்துக்கறயே" என்றாராம் மச்சினன்.

"பட்டதுதானுங்க ஒத்துக்கறேன். கெட்டத ஒத்துக்கல."

இந்தப் பேச்சை அக்கா எனக்கு நடித்தே காட்டினார். முடிவில் மச்சினன் சொன்னது இதுதான்: அடுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும் அம்மா உள்ளே வர வேண்டாம். அன்றைக்கு வந்து எல்லோரையும் போலக் கற்பூரத்தை அணைத்தால் வேலை. இல்லையென்றால், எண்ணெய்க் கையால் சரக்கைக் கெடுத்த ஆளைக் கண்டுபிடித்து நிறுத்திவிட்டோம் என்று திருப்பூருக்குச் சொல்லிக்கொள்வார்கள். அவர்களுக்கும் ஓர் ஆள் வேண்டுமே.

நான் வீட்டுக்குள் போனேன். அம்மா அடுப்படியில் நின்றிருந்தார். கூந்தல் கோடாலி முடிச்சாக இறுகியிருந்தது. எண்ணெய் இல்லை. எண்ணெய் படாத அம்மாவின் தலையை நான் அதற்கு முன் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன், என் தாய்மாமன் இறந்தபோது.

"எனக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றேன். "நீ அங்க போகவே வேண்டாம். நாலு மாசத்துல நான் வேலைக்குப் போயிருவேன்."

"நானா வேலைய உட்டுப் போறதுன்னா அது வேற சாமி" என்றார் அம்மா. "சரக்கக் கெடுத்தவன்னு பேரு வாங்கிக்கிட்டுப் போறது வேற. நாளைக்கு இந்த ரோட்டுல எந்தக் கம்பெனி வாசலுக்குப் போனாலும், அந்த எண்ணெய்க்காரியா நீன்னு கேப்பாங்க."

"அப்பக் கற்பூரத்த அணைச்சுப்போட்டு உள்ள போ."

சொன்ன வேகத்தில் சொல்லிவிட்டேன். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வைக்கு அப்புறம் அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை.

அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது. விசைத்தறியில் நெய்கிறவர், நூல் கண்டில் போட்டிருக்கும் எண்களை மட்டும் வாசிப்பார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதில் எனக்கு இருக்கிற கர்வம் கொஞ்சநஞ்சமில்லை. அந்தக் கர்வம்தான் அன்றைக்கு என்னைக் குத்தியது. இத்தனை படித்து, அம்மாவின் தலையில் காகிதம் வைத்தவனுக்குச் சொல்ல என்னிடம் ஒரு பதிலும் இல்லையா?

வீட்டில் கம்பெனியில் கழித்துப் போட்ட பைகள் சில கிடந்தன. எனக்கு முறுக்குக் கட்டிக் கொடுப்பதற்காக அம்மா வாங்கி வைத்தவை. ஒன்றை எடுத்துத் தேய்த்தேன். வழுக்கியது, ஆனால் எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. இன்னொன்றை என் கறுப்புத் தாவணியில் அழுத்தித் தேய்த்தேன். துணியில் மங்கலாக வெள்ளை படிந்தது. பவுடர் மாதிரியும் இல்லை, மெழுகு மாதிரியும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒன்று. தேங்காயெண்ணெய் கறுப்புத் துணியில் பட்டால் துணி இன்னும் கறுக்கும், வெளுக்காது.

"பிளாஸ்டிக்கில வேற என்னம்மா கலக்குவாங்க?"

"என்னமோ வெள்ளப் பொடி போடுவாங்க. பை ஒன்னோட ஒன்னு ஒட்டாம இருக்கறதுக்கு."

"எப்பவும் போடறதா?"

"எப்பவும் போடறதுதான். தை மாசத்துல பனியன் உள்ள வழுக்கிட்டுப் போகலீன்னு திருப்பூர்ல இருந்து ஒருத்தர் வந்து சத்தம் போட்டாரு. அதுக்கப்பறம் மொதலாளி இன்னொரு கை அள்ளிப் போடச் சொன்னாரு."

ஒரு கை. அளவு என்பது அங்கே கைதான். எடை பார்க்கும் தராசு பை மூட்டைக்கு உண்டு, பொடிக்குக் கிடையாது.

எனக்கு அப்போது பாதி புரிந்துவிட்டது. காரணம், என் எம்.எஸ்சி. ஆய்வே அப்படி மெழுகு மாதிரி உறைகிற ஒரு ஜாதிப் பொருளைப் பற்றியதுதான். நாட்டு மருந்துக் கடையில் அக்கரகாரம் என்று ஒரு வேர் விற்பார்கள். ஒரு துணுக்கை மென்றால் நாக்கு சுறுசுறுவென்று இழுத்து, எச்சில் ஊறி, பிறகு மரத்துப்போகும். பல் வலிக்கு அடக்கிக்கொள்வார்கள். அந்த மரத்துப்போக வைக்கும் பொருளைப் பிரித்தெடுப்பதுதான் என் வேலை. அது ஒரு கொழுப்பு அமைடு. கொழுப்பு அமிலம் என்பது எண்ணெய்க்குள் இருக்கிற நீளமான கரிச்சங்கிலி, ஒரு முனையில் அமிலத் தலை. அந்தத் தலையோடு அம்மோனியாவோ அதன் உறவுக்காரப் பொருள் ஒன்றோ சேர்ந்து, நடுவிலிருந்து ஒரு துளி தண்ணீர் விலகிவிட்டால், கிடைப்பது அமைடு. எண்ணெயின் குணம் பாதி போய்விடும். ஓடுகிற எண்ணெய் உறைகிற மெழுகாகிவிடும்.

அக்கரகாரத்தில் மட்டும் இல்லை, திப்பிலியிலும் இந்த வகை உண்டு. செடிகள் பூச்சிகளை விரட்ட இதைச் சமைத்து வைத்துக்கொள்கின்றன. நம் உடம்பே இதைச் செய்துகொள்கிறது என்று அந்த வருடங்களில்தான் கண்டுபிடித்திருந்தார்கள். தூங்க விடாமல் வைத்த பூனைகளின் மூளையைச் சுற்றிய நீரில் ஓர் அமைடு சேர்ந்திருந்ததாகவும், அதை எலிக்குச் செலுத்தினால் எலி தூங்கிவிடுவதாகவும் கல்லூரி நூலகத்தில் படித்து வியந்திருக்கிறேன். வியந்ததோடு சரி. அது எங்கள் ஊர் தகரக் கொட்டகையில் வந்து என் அம்மாவின் வேலையைப் பறிக்கும் என்று தெரியாது.

திங்கட்கிழமை கல்லூரிக்குப் போனதும் பிளாஸ்டிக் பற்றிய தடிமனான புத்தகம் ஒன்றை நூலகத்தில் தேடி எடுத்தேன். வெள்ளைப் பொடியின் கதை அதில் இருந்தது. பாலிதீன் தாள் வழுக்க வேண்டும் என்பதற்காகப் போடுவது எருகமைடு. கடுகு வகை விதைகளின் எண்ணெயில் இருக்கும் ஒரு நீண்ட கொழுப்பு அமிலத்தையும் அம்மோனியாவையும் சேர்த்துச் செய்வது. உருகிய பிளாஸ்டிக்கில் அது கரைந்துவிடும். தாள் ஆறி இறுகியதும் உள்ளே அதற்கு இடம் போதாது. கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்து மேற்பரப்பில் ஒரு படலமாக உட்கார்ந்துகொள்ளும். அதனால்தான் பை வழுக்குகிறது. அளவு கூடினால், நாள் கூடினால், வெயில் கூடினால், படலமும் தடிக்கும். தடித்த படலத்தின் மேல் அச்சடித்தால் மை பிளாஸ்டிக்கைப் பிடிக்காது, படலத்தைத்தான் பிடிக்கும். பனியன் உரசியதும் இரண்டும் சேர்ந்து கழன்று வரும்.

மூன்றும் அந்தக் கம்பெனியில் கூடியிருந்தன. பொடி ஒரு கை அதிகம். கரண்ட் எப்போது போகும் என்று தெரியாததால், இருக்கும்போதெல்லாம் தாளை ஊதிச் சுருட்டிக் குடோனில் அடுக்கிவிட்டு, அச்சைப் பிறகு பார்த்துக்கொள்ளும் வழக்கம் அந்தக் கோடையில் வந்திருந்தது. குடோனுக்கும் தகரக் கூரை. சித்திரை வெயில். தாள் வியர்க்காமல் என்ன செய்யும்?

வியாழன் இரவே ஊருக்கு வந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை காலை அம்மாவோடு நானும் பஸ் ஏறினேன். பையில் பஞ்சு, ஒரு பாட்டில் ஸ்பிரிட், கறுப்பு அட்டை ஒன்று, எவர்சில்வர் தட்டு ஒன்று. அம்மா கம்பெனி வாசலில் நின்றுகொண்டு, "நான் இங்கயே இருக்கறேன். கூப்புட்டா வாரேன்" என்றார். கற்பூரத்தை அணைக்காமல் உள்ளே வரக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள் அல்லவா, அந்த வார்த்தைக்கு அம்மா மரியாதை கொடுத்தார். அவர்கள் கொடுக்காத மரியாதை.

மச்சினன் என்னைப் பார்த்ததும் சிரித்தார். "வாங்க டாக்டரம்மா. அம்மாவுக்குப் பதிலா நீங்க அணைக்கறீங்களா?"

"மொதலாளியப் பாக்கோணுமுங்க."

மொதலாளி நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். கெட்ட மனிதர் என்று அவரைச் சொல்ல முடியாது. என்னைக் கண்ணு என்றுதான் கூப்பிட்டார். கண்ணு என்று கூப்பிட்டுக்கொண்டே காகிதம் ஒட்டிப் பார்க்கச் சொல்கிறவர்களிடம் எப்படிக் கோபித்துக்கொள்வது என்பதுதான் எங்கள் ஊரின் பெரிய கஷ்டம்.

"உக்காரு கண்ணு. எந்தக் காலேஜு?"

சொன்னேன். உட்காரவில்லை. "பொம்பளைங்க கை படாத சுருள் ஒன்னு வேணுமுங்க. குடோன்ல இருந்து நீங்களே எடுத்துக் குடுங்க" என்றேன்.

"எதுக்கு?"

"பொம்பளைங்க கை படாமலே கெட்டிருக்குதுன்னு காட்டறதுக்குங்க."

மச்சினன் ஏதோ சொல்ல வந்தார். மொதலாளி கையமர்த்திவிட்டு எழுந்தார். அந்த ஒன்றுக்கு அவரைப் பாராட்ட வேண்டும், அல்லது திரும்பி வந்த லோடு அவரை அவ்வளவு பயமுறுத்தியிருக்க வேண்டும். குடோனில் அவரே ஒரு சுருளைக் காட்டினார். ஆண்கள் தூக்கி வந்து போட்டார்கள். மேல் சுற்றுகளைக் கழித்துவிட்டு, உள் தாளைப் பல மீட்டர் நீளத்துக்கு விரிக்கச் சொல்லி, ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்துத் துடைத்துத் தட்டில் பிழிந்தேன். பூஜை முடிந்து இன்னும் கலையாமல் இருந்த பெண்கள் மெல்ல என்னைச் சுற்றி வந்து நின்றார்கள். வெயிலில் வைத்ததும் ஸ்பிரிட் பறந்துபோனது. தட்டில் ஒரு சிட்டிகை வெள்ளை மிஞ்சியது. அட்டையில் வழித்து வைத்தேன்.

"இது எண்ணெய்தானே" என்றார் மச்சினன். "உறைஞ்சிருக்குது."

"தேங்காயெண்ணெய் சித்திரையில உறையுதுங்களா?" என்று கேட்டது நான் இல்லை, எதிர் வீட்டு அக்கா. "எங்க ஊட்டுல மார்கழியிலதானுங்க உறையும். உங்க ஊட்டுல எப்படியோ."

பெண்கள் சிரித்தார்கள். யாரோ வெளியே நின்ற ஸ்கூட்டரின் பெட்டியிலிருந்து சின்ன எண்ணெய்ப் பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அது அச்சு இயந்திரக்காரனுடையது என்று பிறகு தெரிந்தது. தட்டில் ஒரு பக்கம் அந்த எண்ணெய்த் துளி, இன்னொரு பக்கம் அட்டையிலிருந்து எடுத்த வெள்ளைச் சிட்டிகை. வெயிலில் எண்ணெய் ஓடியது. வெள்ளை அசையவில்லை. டீ போடும் பாத்திரத்தில் தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் அதன் மேல் தட்டைப் பிடித்தேன். கொஞ்ச நேரம் கழித்து வெள்ளை கண்ணாடியாக உருகியது. எடுத்து ஆற விட்டதும் மறுபடி வெளுத்து உறைந்தது.

"இப்ப உங்க மூட்டையில இருக்கற பொடியில ஒரு சிட்டிகை குடுங்க."

பொடியும் அப்படியே செய்தது. வெயிலுக்கு அசையாமல், ஆவிக்கு உருகி, ஆறியதும் உறைந்தது. ஆய்வுக்கூடத்தில் இதை நிரூபிக்க இன்னும் பல சோதனைகள் செய்ய வேண்டும், எனக்குத் தெரியும். அங்கே நின்றவர்களுக்கு அது போதும்.

பிறகு மொதலாளி தாமாகவே ஒரு காரியம் செய்தார். அந்தச் சுருளில் ஒரு முழம் அச்சடிக்கச் சொன்னார். காய்ந்ததும் அதன் மேல் டேப்பை ஒட்டி வெடுக்கென்று பிடுங்கினார். நீல எழுத்து முழுசாக டேப்பில் வந்துவிட்டது. தை மாதத்துக்கு முந்தின பை ஏதாவது கிடக்கிறதா என்று கேட்டார். மூலையிலிருந்து ஒரு கட்டு எடுத்து வந்தார்கள். அதில் டேப் ஒட்டிப் பிடுங்கினார். எழுத்து அசையவில்லை.

"அதையும் நாங்கதானுங்க அடுக்குனோம்" என்றார் அக்கா. "இதே மண்டையோட."

மொதலாளி டேப்பைச் சுருட்டிக்கொண்டே யோசித்தார். "இந்தப் பொடிய எதுல கண்ணு பண்ணறாங்க?"

நான் முட்டாள்தனமாகப் பெருமையோடு விளக்கினேன். கடுகு ஜாதி விதை, அதன் எண்ணெய், அம்மோனியா எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு அவர் முகம் தெளிந்தது. மச்சினனைப் பார்த்துச் சொன்னார்: "அப்ப எண்ணெய்தான். ஏதோ எண்ணெய்னு நான் அன்னைக்கே சொன்னனா இல்லியா?"

எனக்கு நாக்கு ஒரு நிமிடம் மரத்துப்போனது, அக்கரகாரம் இல்லாமலே. அவ்வளவு பேரையும் வரிசையில் நிறுத்தி, தலையைத் தடவி, சாமி பேரில் சத்தியம் வாங்கிவிட்டு, கடைசியில் தான் சொன்னது சரி என்று ஒரு மனிதரால் சிரிக்க முடிகிறது.

"அது நீங்க வாங்கி, நீங்க அள்ளிப் போடச் சொன்ன எண்ணெய்ங்க" என்றேன். "எங்கம்மா தலையில இருந்தது எங்க ஊட்டு எண்ணெய்."

மச்சினன் தரையைப் பார்த்தார். மொதலாளியின் சிரிப்பு நின்றது, ஆனால் கோபம் வரவில்லை. "சரி சரி. போயி உங்கம்மாவ வரச் சொல்லு கண்ணு. வேலையப் பாக்கட்டும்."

"நான் சொல்ல மாட்டேனுங்க. நீங்க சொல்லோணும்."

"என்ன சொல்லோணும்?"

"பை கெட்டது எங்கம்மாவினால இல்லீன்னு. அத்தனை பேரு முன்னாலதானுங்க நிக்க வெச்சீங்க, அத்தனை பேரு முன்னாலயே."

"ஏம்மிணி, மொதலாளி வந்து உங்கம்மாகிட்ட மன்னிப்புக் கேக்கோணுமா?" என்றார் மச்சினன்.

"மன்னிப்பு நீங்களே வெச்சுக்குங்க. ஒரு வார்த்தை போதும்."

மொதலாளி என்னையும் பெண்களையும் மாறி மாறிப் பார்த்தார். யாரும் மேசைக்குப் போகவில்லை. அன்றைக்குத் திருப்பூருக்குப் புதுச் சரக்கு அனுப்பியாக வேண்டும், அது அவர்களுக்கும் தெரியும். பூஜைத் தட்டில் அம்மாவுக்காக எடுத்து வைத்திருந்த கற்பூரக் கட்டி அப்படியே இருந்தது. அவர் அதை எடுத்துப் பிள்ளையார் படத்துக்குக் கீழே வைத்துவிட்டு, ஊதும் இயந்திரத்தை ஓட்டச் சொன்னார். அது கிளம்பும்போது போடுகிற இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதும் கேட்காது. அப்புறம்தான் அம்மாவைக் கூப்பிட ஆள் அனுப்பினார்.

அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து நின்றார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். மொதலாளி எங்கோ பார்த்துக்கொண்டு உதட்டை அசைத்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன், எனக்கே பாதிதான் விழுந்தது. உன்னால இல்ல, பொடியால, என்பது போல ஏதோ.

அம்மா ஓர் அடி முன்னால் வந்தார்.

"ஏனுங்க மொதலாளி, காதுல விழுகலீங்க."

அவர் மறுபடி சொன்னார், கொஞ்சம் சத்தமாக.

"மிசின் சத்தமுங்க" என்றார் அம்மா, அவ்வளவு பணிவாக. "அத நிறுத்திப்போட்டுச் சொன்னீங்கன்னா இவியளுக்கெல்லாம் கேக்கும்."

இயந்திரக்காரன் மொதலாளியைப் பார்த்தான். மொதலாளி தலையை அசைத்தார். இரைச்சல் குறைந்து, இழுத்து, நின்றது. மேலே ஊதி நின்ற பிளாஸ்டிக் பலூன் மெல்லத் தொய்ந்தது. அந்த அமைதியில் அவர் சொன்னார்: "சரக்கு கெட்டது உன்னால இல்லம்மா. பொம்பளைங்க யாராலயும் இல்ல. பொடி அதிகமாப்போச்சு."

"சரீங்க" என்றார் அம்மா. போய்த் தன் மேசையில் உட்கார்ந்து பைகளைத் தட்டி அடுக்க ஆரம்பித்தார்.

அந்த ஒரு வாரம் அம்மாவை வேலைக்கு வர வேண்டாம் என்று நிறுத்தி வைத்ததைப் பற்றி யாரும் பேசவில்லை. கற்பூரம் அணைத்த பெண்களிடம் அந்தச் சத்தியத்தை என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை. மச்சினன் அதற்குப் பிறகும் அங்கே சூப்பர்வைசர்தான். நான் தட்டையும் பாட்டிலையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பியபோது மொதலாளி, படிப்பு முடிந்ததும் தன் கம்பெனிக்கே வேலைக்கு வரச் சொன்னார். பொடியை எடை போட ஓர் ஆள் வேண்டுமாம்.

"தராசு ஒன்னு வாங்கிக்குங்க" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.